நங்கூரச் சந்தின் நீல விளக்கு

துறைமுகத்துக்கு வடக்கே, ஐஸ் ஃபேக்டரியின் மதில் முடிந்து வலைகள் காயும் மணல்வெளி தொடங்குகிற இடத்தில், நங்கூரச் சந்து என்று ஒரு தெரு இருக்கிறது. மீன்பிடித் தடைக்காலம் முடிய இருந்த ஒரு வைகாசிப் பிற்பகலில், அந்தத் தெருவில் விசைப்படகு டிரைவர் செலஸ்டின் வீட்டு டிவிக்குள்ளிருந்து ஒரு விளக்குக் கம்பம் வெளியே வந்து, வாசற்படி இறங்கி, தெருமுனைக் குழாயடிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. குழாயடியில் குடங்களோடு நின்ற பெண்கள் அதற்கு இடம் விட்டு வரிசையைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

கம்பம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தெருவுக்கே அந்த டிவி விளையாட்டு தெரியும். படகுகள் கரையில் கட்டிக் கிடக்க, ஆண்கள் வேலையில்லாமல் சீட்டுக்கும் சாராயத்துக்கும் போன அந்தத் தடைக்காலத்தில், செலஸ்டின் மட்டும் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு வீடியோ கேம் பெட்டியை வாங்கிவந்து மகள் பிரின்சியோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். விளையாட்டில் இரும்புச் சட்டை போட்ட ஒரு குட்டிப் பயல் இருந்தான். பிரின்சி அவனுக்குத் துள்ளி என்று பேர் வைத்தாள். உடைந்துபோன கிரகங்களின் துண்டுகள் இருட்டில் மிதக்கும். துள்ளி ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குத் தாவித் தாவி, இரும்பு நண்டுகளின் தலையில் மிதித்து, சிதறிக் கிடக்கும் நட்சத்திர விதைகளைப் பொறுக்கிக்கொண்டு, அணைந்துபோன சூரியனைத் தேடிப் போவான். மிதிபட்ட நண்டுகள்கூடச் சாகாது, சோப்பு நுரையாக மாறிப் பறந்துவிடும். ஒரு சொட்டு ரத்தம் கிடையாது. அதனால் ஜெபமாலை சொல்லப் போகிற கிழவிகளும் போகிற வழியில் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள்.

வழியில் அங்கங்கே நீல விளக்குக் கம்பங்கள் நிற்கும்.

"ஏட்டி, விளக்கத் தொட்டுட்டுப் போ," என்பான் செலஸ்டின்.

"நேரம் போவுதுப்பா. நண்டு வந்துரும்."

"வரட்டும். தொடாமப் போனா, விழுந்தா எங்க வந்து நிப்ப?"

துள்ளி தொட்டதும் கம்பம் 'டிங்' என்று மணி அடித்து நீலமாக எரியும். அதற்கப்புறம் எந்தப் பாதாளத்தில் விழுந்தாலும் அவன் கடைசியாகத் தொட்ட கம்பத்தடியில் சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து நிற்பான். தொட்ட பிறகு பொறுக்கிய விதைகள் மட்டும் கையில் இருக்காது. "எடுத்தது போவும், ஆளு போவ மாட்டான்," என்று செலஸ்டின் தெருவுக்கே விளக்கம் சொல்வான். துள்ளி தாவும்போதெல்லாம் அவனும் தரையைவிட்டு அரையடி எழும்பி, தோளைச் சாய்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு உட்காருவான். அதைப் பார்ப்பதற்காகவே அவன் மனைவி தெக்ளா இறால் கம்பெனியிலிருந்து வந்ததும் கைகூடக் கழுவாமல் நிலைப்படியில் சாய்ந்து நிற்பாள். அவளுக்கு விளையாடத் தெரியாது, ஆசையும் இல்லை.

கம்பங்களெல்லாம் ஒன்றாகி வெளியே வந்து நின்ற பிறகு, டிவிக்குள் ஒரு விளக்கும் இல்லை. துள்ளி விழுந்தால் விழுந்ததுதான். முதல் பாறையிலிருந்து தொடங்க வேண்டும். "போவட்டும்ட்டி, பாத்துக் குதிப்போம்," என்றான் செலஸ்டின். அப்பனும் மகளும் அதன்பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு விளையாடினார்கள்.

கம்பம் எதற்காக நிற்கிறது என்பது பெயின்டர் கில்பர்ட் விழுந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. சந்தின் கோடியில் மூன்று மாடி வீட்டுக்குச் சாரம் கட்டிச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவன் கயிறு அவிழ்ந்து விழுந்தான். பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூடிய கண்ணோடு காத்திருந்தார்கள். விழுந்த சத்தம் வரவில்லை. குழாயடியில் 'டிங்' என்று ஒரு மணி கேட்டது. திரும்பிப் பார்த்தால் கம்பத்தடியில் கில்பர்ட் நிற்கிறான். கையில் டீ கிளாஸ், ஆவி பறக்கிறது. போன வாரம் கம்பத்தில் சாய்ந்து அவன் குடித்த அதே டீ.

செய்தி கேட்டு அவன் அண்ணன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். கில்பர்ட் அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். "எவம்ல நீ என்னத் தொட? எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வந்த?" பல வருஷப் பகையை விட்டு அண்ணன் வீட்டில் அவன் கறிச்சோறு தின்றது இரண்டு நாளைக்கு முன்னால்தான். அது அவனுக்கு நடக்கவேயில்லை. தம்பி விழுந்தான் என்று கேட்டபோது அழுததைவிட, அந்தச் சோற்றை அவன் மறந்துவிட்டான் என்று தெரிந்தபோதுதான் அண்ணன் அதிகம் அழுதான். பிறகு மறுபடியும் சமாதானம் ஆனார்கள். ஆனாலும் இரண்டாவது சமாதானம் முதலாவதைப் போல இல்லை என்று அண்ணன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து தெரு தன் வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டது. மின்வாரியத்தார் வந்து பார்த்து இது எங்கள் கம்பம் இல்லை என்றார்கள், மாநகராட்சி எங்களுடையதும் இல்லை என்றது. தெரு அப்படியானால் எங்களுடையது என்று பீடம் கட்டிச் சுண்ணாம்பு அடித்தது. விழுகிறவர்களைத்தான் அது திருப்பித் தரும், காய்ச்சலில் போனவர்களையும் மாரடைப்பில் போனவர்களையும் தராது என்று இரண்டு சாவுகளுக்குப் பிறகு புரிந்துகொண்டது. தொடுவதானால் நல்ல நாளில் தொட வேண்டும். அப்போதுதான் திரும்பி வந்தால் நல்ல நாளுக்கு வரலாம். கல்யாணப் பெண்கள் தாலி ஏறிய கையோடு வந்து தொட்டார்கள், பாஸான பிள்ளைகள் தொட்டார்கள், வாந்தியெடுத்துச் சந்தோஷப்பட்ட மருமகள்கள் தொட்டார்கள். அழுகிற குழந்தையை அந்தப் பக்கம் கொண்டுபோக மாட்டார்கள். துக்க வீட்டுப் பெண் தண்ணீர் பிடிக்க வந்தால், கை தவறிக் கம்பத்தில் பட்டுவிடக் கூடாதென்று, மற்றவர்கள் அவள் குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுத்தனுப்புவார்கள். பங்குச் சாமியார் மட்டும் பூசையில் ஒரு வார்த்தை சொன்னார்: "உயிர்த்து வந்த ஆண்டவர் தம் காயங்களை மறந்துவிட்டு வரவில்லை, பிள்ளைகளே. கையை நீட்டிக் காட்டினார்." எல்லோரும் ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

ஐப்பசியில் ஒரு விடியற்காலை. முந்தின நாள் சாயங்காலம்தான் துள்ளி ஒருமுறைகூட விழாமல் கடைசிக் கிரகம் வரை போயிருந்தான்; இன்னும் ஒரே ஒரு தாவல், சூரியன். அதை அப்பா கடலுக்குப் போய்த் திரும்பியதும் சேர்ந்து தாவுவது என்று ஒப்பந்தம். பெட்டியை அணைக்காமல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்தாள் பிரின்சி. விடிந்ததும், தலையில் எண்ணெய் வழிய, பச்சைப் பாவாடையோடு அப்பாவைக் குழாயடி வரை வழியனுப்ப வந்தாள். தூக்குவாளியோடு தெக்ளாவும் வந்தாள்.

"இன்னைக்கு நல்ல நாளுல்லா? தொட்டுருவோம்," என்றான் செலஸ்டின். மகள் கையை எடுத்து வைத்தான், தன் கையை வைத்தான், வெட்கப்பட்டுப் பின்வாங்கிய மனைவியின் கையையும் இழுத்து வைத்தான். மூன்று முறை மணி அடித்தது. அவன் வாளியை வாங்கிக்கொண்டு போனான்.

மூன்றாம் நாள் அவன் இல்லாமல் படகு வந்தது. புரொப்பெல்லரில் கயிறு சுற்றிக்கொண்டது, படகின் முன்பக்கம் அணியத்தில் இருந்தவர்களைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு அவனே பின்னால் போய்க் குனிந்தான், ஒரு அலை வந்தது, விழுந்துவிட்டான் என்றார்கள். பகல் முழுக்கத் தேடினார்கள். மற்ற படகுகளும் வந்து தேடின. கிடைக்கவில்லை.

"விழுந்தான்னுதான சொன்னீக?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு மீன்காரி சூசையம்மா. "வழுக்கி விழுந்தானா, இல்ல அலை தூக்கிட்டுப் போச்சா? சரியாச் சொல்லுங்கடே."

"விழுந்தான், பெரியம்மா."

"அப்ப வந்துருவான்."

தெரு முழுக்கக் குழாயடிக்கு வந்தது. சூசையம்மா கருப்பட்டிக் காப்பி போட்டு எடுத்துவந்தாள். கில்பர்ட் உலர்ந்த கைலியும் துண்டும் கொண்டுவந்தான். நனைந்து வருவான், நடுங்குவான் என்று ஒருவர் போர்வையைக் கொண்டுவந்தார். தெக்ளா கம்பத்துக்கு எதிரே மணலில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். காப்பி ஆறியது, மறுபடி சூடு பண்ணினார்கள், மறுபடி ஆறியது. கடலும் நம்ம தெருவில் சேர்த்திதான் என்று சிலரும், கடலுக்கு வேறு கணக்கு என்று சிலரும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டார்கள். மணி அடிக்கவில்லை. நாட்கள் போயின. ஒவ்வொருவராக வேலைக்குத் திரும்பினார்கள். கடைசியில் பிரின்சிதான் வந்து அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"யம்மா, வா. வீட்டுக்குப் போவோம்."

"அப்பா வந்தா?"

"வர மாட்டாருமா," என்றாள் அந்தப் பிள்ளை, அழாமல். அம்மாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய், கால் மணலைக் கழுவிவிட்டு, பாயில் படுக்க வைத்த பிறகுதான் அழுதாள்.

அந்த மழைக்காலத்தை அவர்கள் இரண்டு பேருமாகத்தான் தாண்டினார்கள். அம்மா அழும்போது மகள் தலையை மடியில் வைத்துக்கொள்வாள்; மகள் அழும்போது அம்மா. செலஸ்டின் படத்துக்கு மாலை போட்டு, உடல் இல்லாமலே நினைவுப் பூசை வைத்தார்கள். ஒருநாள் சோறு தின்னும்போது பிரின்சி திடீரென்று தோளைச் சாய்த்து, நாக்கைக் கடித்து, தரையைவிட்டு அரையடி எழும்பிக் காட்டினாள். அப்பன் அப்படியே வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரிப்பு நிற்காமல் அழுகையானது, அழுது முடித்துவிட்டு மீதிச் சோற்றைத் தின்றார்கள். இப்படியே போனால் வாழ்ந்துவிடலாம் என்று தெக்ளாவுக்கு முதன்முதலாகத் தோன்றியது அன்றைக்குத்தான்.

தை பிறந்ததும் ஒருநாள் எதிர்பாராத மழை. மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை எடுக்க ஓடிய பிரின்சி பாசியில் வழுக்கினாள். கீழே தெக்ளா அண்ணாந்து பார்த்தாள். மகளின் கையிலிருந்த துணிகள் மட்டும் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. குழாயடியில் மணி அடித்தது.

தெக்ளா ஓடினாள். கம்பத்தடியில், தலையில் எண்ணெய் வழிய, பச்சைப் பாவாடையோடு பிரின்சி நின்றிருந்தாள். தெக்ளா அவளைத் தூக்கி முகத்தில், கையில், காலில் முத்தமிட்டு, மாதாவுக்கு நன்றி சொல்லி, மறுபடி முத்தமிட்டாள்.

"யம்மா, விடு, மூச்சு முட்டுது. நான் விழுந்துட்டேனா?"

"ஆமாட்டி, ஆமா. எந்தங்கம்."

"அப்பா எங்க?"

தெக்ளாவின் கை நின்றது. சுற்றி நின்றவர்கள் அவள் வாயையே பார்த்தார்கள்.

"கடல்ல இருக்காரு," என்றாள் தெக்ளா.

அது பொய்யில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையைத் தெரு அப்படியே கையில் வாங்கிக்கொண்டது. யாரும் யாரிடமும் சொல்லவில்லை; தாயும் மகளும் குழாயடியிலிருந்து வீட்டுக்கு நடந்து வருவதற்குள் கில்பர்ட் பின்வாசல் வழியாக ஓடிப்போய் மாலை போட்ட படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தான், சூசையம்மா மெழுகுவர்த்தியை அணைத்துப் புகையை முந்தானையால் விசிறி வெளியேற்றியிருந்தாள், பள்ளிக்கூடத்து டீச்சருக்கு ஆள் போயிருந்தது, டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலியைக் கிழித்து அந்த இடத்தில் ஈரச் சுண்ணாம்பு பூசியாகியிருந்தது. செலஸ்டின் கொச்சிப் பக்கம் பெரிய படகுக்குப் போயிருக்கிறான், அங்கே சிக்னல் கிடைக்காது என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். சூசையம்மா தன் கூடையிலிருந்து நல்ல வஞ்சிரமாகப் பார்த்து எடுத்துவந்து, "ஒங்கப்பன் குடுத்துவிட்டாம்ட்டி," என்பாள். பிரின்சி அந்த மீனை முகர்ந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் கொடுப்பாள்; தெக்ளா அதைக் கழுவும்போது கொல்லைக் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டுக்கொள்வாள்.

பிள்ளை சந்தோஷமாக இருந்தது. அதுதான் கொடுமை. பாடிக்கொண்டே தலை வாரியது, அப்பா வந்தால் காட்ட வேண்டும் என்று விழுந்த பல்லைக்கூடப் பத்திரமாக வைத்தது. தெக்ளா மட்டும் தனியாக இருந்தாள். செலஸ்டினுக்காக அவளோடு சேர்ந்து அழுத அந்தப் பிரின்சி, மணலைக் கழுவிவிட்ட பிரின்சி, மொட்டை மாடியிலிருந்து விழுந்தவள், திரும்பி வரவேயில்லை. அவளுக்காக அழவும் வழியில்லை. அவள்தான் உயிரோடு எதிரே உட்கார்ந்து தோசை கேட்கிறாளே.

"நீயும் அன்னைக்குத்தான தொட்ட, தெக்ளா?" என்று ஒருநாள் சூசையம்மா கேட்டாள், முகத்தைப் பார்க்காமல், தெக்ளாவின் முதுகைத் தடவிக்கொண்டு. "நீயும் வழுக்குனா அந்தக் காலைக்கே போயிரலாம். ரெண்டு பேருமா காத்திருப்பீக. நாங்க பாத்துக்கிடுவோம். காத்திருக்கது ஒண்ணும் கெட்ட வாழ்க்கை இல்லட்டி."

மறுநாள் பிள்ளை பள்ளிக்கூடம் போனதும் தெக்ளா மாடிப்படி ஏறினாள். பாதிப்படியில் கால் நின்றது. நானும் மறந்துவிட்டால், அவன் செத்தான் என்பது யாருக்குத் தெரியும்? தெருவுக்குத் தெரியும், தெருவுக்கு அது ஒளித்துவைக்க வேண்டிய ஒரு சங்கதி. அவனுக்காக நெஞ்சு வலிக்க ஒரு ஆள் பூமியில் இருக்காதே. கடலுக்கு அடியில் அவனை அப்படி விட்டுவிடுவதா? படியிலேயே உட்கார்ந்து தெக்ளா மத்தியானம் வரை அழுதாள். பிறகு இறங்கி வந்து உலை வைத்தாள்.

அன்று சாயங்காலம் பிரின்சி, ஐப்பசியிலிருந்து யாரும் அணைக்காத பெட்டியின் மேலிருந்த துணியை எடுத்தாள்.

"அப்பாவுக்கு லேட்டாவுதுல்லா? நீ வாம்மா. அவரு ரிமோட்ட நீ பிடி. கடைசித் தாவல்தான். நான் சொல்லுறப்ப அமுக்கு."

"எனக்குத் தெரியாதுட்டி."

"நான் சொல்லித் தாரேன்."

தெக்ளா உட்கார்ந்தாள். கணவனின் விரல்கள் பட்டுப் பட்டுத் தேய்ந்திருந்த பொத்தான்கள். துள்ளி பாறை விளிம்பில் நின்றுகொண்டு இவர்களைத் திரும்பிப் பார்த்தான். தூரத்தில் கருப்பாக, ஒரு பெரிய இட்லிச் சட்டியைக் கவிழ்த்ததுபோல, அணைந்த சூரியன்.

"இப்பம்மா! அமுக்கு!"

அமுக்கினாள். கொஞ்சம் பிந்திவிட்டது. துள்ளி கையை வீசிக்கொண்டே கீழே போனான், சின்னதாகிப் புள்ளியாகி, இல்லாமல் போனான். திரையில் முதல் பாறை வந்தது. விதைகள் ஒன்றும் இல்லை.

பிரின்சி தன் ரிமோட்டைக் கீழே வைத்தாள். "பரவால்ல," என்றாள் பிறகு. "அப்பாவா இருந்தா விட்டுருக்க மாட்டாரு. அவரு வரட்டும்."

"வர மாட்டாருட்டி," என்றாள் தெக்ளா.

பிரின்சி திரும்பிப் பார்த்தாள்.

"ஒங்கப்பா கடல்ல விழுந்துட்டாரு. ஐப்பசியிலயே. நாம மூணு பேரும் விளக்கத் தொட்டோம்லா, அன்னைக்குப் போனவருதான். தேடுனாங்க. கிடைக்கல."

"பொய் சொல்லாத. மீன் குடுத்துவிட்டாரே."

"அது சூசையம்மா கூடை மீனு."

பிள்ளையின் முகம் மாறுவதைத் தெக்ளா இரண்டாவது முறையாகப் பார்த்தாள். முதல் முறை பார்த்தபோதே செத்துவிடலாம் என்று இருந்தது. ஒரு தாய் இதை இரண்டு தடவை பார்க்கக் கூடாது.

"எனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் பிரின்சி, மெதுவாக. "விழுறதுக்கு முன்னால எனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அழுதேனா?"

"அழுத. ரொம்ப அழுத. எந்தலைய மடியில வச்சிக்கிட்டு அழுத. எனக்குச் சோறு ஊட்டுன."

"எனக்கு ஒண்ணுமே ஞாவகமில்லையேம்மா." அவள் அம்மாவின் பக்கம் நகர்ந்தாள். "அப்ப இத்தன நாளும் நீ தனியாவா அழுத?"

பிரின்சியின் அழுகை சுவர்களைத் தாண்டி, வலைகளைத் தாண்டிக் கேட்டது. அந்த அழுகையைத் தெரு ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருந்தது. அடுப்படிகளில் பெண்கள் கரண்டியைக் கீழே வைத்தார்கள். கில்பர்ட் வாசலில் வந்து நின்றான், உள்ளே வரவில்லை.

வெயில் தாழ்ந்த நேரத்தில் தாயும் மகளும் வெளியே வந்தார்கள். கண்ணும் முகமும் வீங்கியிருந்தன. நேரே குழாயடிக்கு நடந்தார்கள். தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் பதறிப்போனார்கள்.

"ஏ தெக்ளா, அழுத கண்ணோட அங்க போவாத! பிள்ளைய இங்க விடு!" சூசையம்மா குறுக்கே வந்து கம்பத்தை மறைத்துக்கொண்டு கைகளை விரித்தாள். "நாளைக்குப் பிள்ளை வழுக்கி விழுந்தா இந்தக் கண்ணீருக்குல்லாட்டி திரும்பி வருவா! வேண்டாம். சொன்னாக் கேளு. ஒரு நல்ல நாளு வரட்டும்."

"தள்ளிக்கோங்க, பெரியம்மா," என்றாள் பிரின்சி. "நான் எங்கப்பாவுக்கு அழுதத ஒரு தடவ தொலைச்சிட்டேன். இனிமே தொலைக்க மாட்டேன்."

சூசையம்மாவின் விரித்த கைகள் மெல்ல இறங்கின. அவள் விலகினாள்.

பிரின்சி ஈரமான கையைக் கம்பத்தில் வைத்தாள். தெக்ளா அதற்கு மேலே கம்பத்தில் தன் கையை வைத்தாள். இரண்டு முறை மணி அடித்தது. கல்யாணப் பெண்களுக்கு எரிந்ததைப் போலவே நீலமாக எரிந்தது, கூடவும் இல்லை குறையவும் இல்லை.

வீட்டுக்கு வந்தார்கள். படத்தை எடுத்துத் துடைத்துப் பழைய ஆணியில் மாட்டினார்கள். தெக்ளா சோறு போட்டாள். பிரின்சி தட்டைத் தொடாமல், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யம்மா, மொதத் தடவ நான் என்னல்லாம் சொல்லி அழுதேன்? ஒண்ணு விடாம சொல்லு."

தெக்ளா அவளைத் தன் பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"மொதல்ல நீ அழவேயில்ல," என்று தொடங்கினாள். "எங்கால் மணலக் கழுவிவிட்ட. அப்புறம் என்னப் பாயில படுக்க வச்ச..."

சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவள் சொல்லச் சொல்ல, பிரின்சி 'உம்' கொட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.